மோட்டார் குழுவில் புகுந்த ஏ.ஐ. பதில்களைச் சலித்த பதினோரு வாரம்

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் டெலிகிராம் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "1 ஹெச்.பி. போர் மோட்டார், ஆன் பண்ணினா உறுமுது, தண்ணி ஏறலை." பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருவர், "பேனலைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போடுங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் பதில். எனக்கு அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. நாலு மாசத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு இரண்டு நிமிஷத்தில் நாலு பதில் வந்து விழுந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம், நாலில் ஒன்றுகூட "என்ன கம்பெனி மோட்டார்?" என்று கேட்டிருக்காது.

அந்த நாலு பதில் போய் இந்த ஒரு வரி வருவதற்குப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை செலவாகியது. எதெல்லாம் செய்தேன், எங்கெல்லாம் சொதப்பினேன், எவ்வளவு பணம் போனது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் மேலூர் ரோட்டில் 22 வருஷமாக, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். 2019-ல் இந்தக் குழுவை ஆரம்பித்தேன். வைண்டர்கள், போர் மோட்டாரைத் தூக்கி இறக்குகிறவர்கள், எலக்ட்ரீஷியன்கள், விவசாயிகள் என்று இப்போது 1,100 பேருக்கு மேல் இருக்கிறார்கள். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆட்கள்தான் அதிகம். காலையில் டீக்கடையில் பேசுவதைப் போனில் பேசுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாடிப்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவருடைய வீட்டு போர் மோட்டாரில்தான் இது வெடித்தது. வெடித்தது என்றால் நிஜமாகவே வெடித்தது. 280 அடி போர், 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். ஸ்டார்ட் ஆகாமல் உறுமுகிறது என்று ராத்திரி கேட்டிருக்கிறார். முதலில் வந்த பதில் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. "அன்பான நண்பரே" என்று ஆரம்பம், தலைப்பு, துணைத்தலைப்பு, வரிசை எண், ஒரு அட்டவணை, கடைசியில் பாதுகாப்புக் குறிப்பு. அந்த அட்டவணையில் 1 ஹெச்.பி.க்கு ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் 36 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கெபாசிட்டரின் அளவு), ரன்னிங் கெபாசிட்டர் 120 எம்.எஃப்.டி. என்று இருந்தது. இரண்டும் இடம் மாறியிருந்தன.

தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டாரை ஆன் பண்ணும் பெட்டிக்குப் பேனல் என்று பேர், மோட்டார் சுற்றத் தொடங்கவும் ஓடவும் உதவும் கெபாசிட்டர்கள் அதற்குள் இருக்கும். ரன்னிங் கெபாசிட்டர் மோட்டார் ஓடும் நேரம் முழுக்க லைனில் இருக்கும். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் பச்சைப் பட்டனை அமுக்கும் ஒன்றிரண்டு நொடிதான் உள்ளே வரும். அந்த ஒன்றிரண்டு நொடிக்காகவே செய்த சாமான் அது. அதைக் கொண்டுபோய் ரன்னிங் இடத்தில் போட்டால் சூடேறி வெடிக்கும்.

தம்பி கடையில் 120 வாங்கி ரன்னிங்கில் போட்டிருக்கிறார். அதில் குழப்பமே என்னவென்றால், மோட்டார் ஜோராக ஸ்டார்ட் ஆகிவிட்டது. குழுவில் நன்றி வேறு சொல்லிவிட்டார். நாலைந்து நிமிஷத்தில் லட்சுமி வெடி போட்ட மாதிரி சத்தம். பேனல் கதவு உள்பக்கம் கரி, கருகின பேப்பர் வாடை. கெபாசிட்டர்தான் மட்டம் என்று நினைத்து இன்னொன்று வாங்கிப் போட்டு ஓட்டியிருக்கிறார். இந்தத் தடவை மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளும், அதாவது காயிலும், போய்விட்டது. என் பட்டறைக்கு வந்தபோது பிரித்துப் பார்த்தேன், ஸ்டார்ட்டிங் காயில் பூராவும் கறுப்பு, ரன்னிங் காயில் பாதி பழுப்பு. தூக்கி இறக்கக் கூலி 1,800, கெபாசிட்டர் இரண்டும் 560. ரீவைண்டிங்குக்கு 3,400 வாங்கியிருக்க வேண்டும். என் குழுவில் வந்த பதிலால் எரிந்த மோட்டார் என்பதால் கம்பிக்கும், தண்டு சுழலும் வளையமான புஷ்ஷுக்கும் மட்டும் 1,900 வாங்கிக்கொண்டேன்.

பதில் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன், வயரிங் வேலை பார்க்கிறவன். "நான் எழுதலைண்ணே, ஏ.ஐ.ல கேட்டு அப்படியே போட்டேன். ராத்திரி நேரம், யாரும் பதில் சொல்லலையேன்னு" என்றான். உதவி செய்யத்தான் நினைத்திருக்கிறான், திட்ட வாய் வரவில்லை. ஆனால் பழைய பதிவுகளைத் தேடினால் மூன்று மாசத்தில் 140 பதில் போட்டிருக்கிறான், நானும் சிலதுக்குக் கட்டைவிரல் தூக்கியிருக்கிறேன்.

சரி, இதைச் சரி பண்ணுவோம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கு அக்கா மகன் கூட இருந்தான்.

முதல் ஞாயிறு கணக்கெடுப்பு. கம்ப்யூட்டரில் டெலிகிராமைத் திறந்து குழுவின் மொத்தப் பேச்சையும் இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. மூன்று மாசத்துப் பதிவுகளில் கொஞ்சம் நீளமான பதில்களை மட்டும் பிரித்தோம், 388 வந்தது. கூலி எழுதும் நோட்டில் மூன்று கட்டம் போட்டு, மனுஷன், ஏ.ஐ., தெரியலை என்று நானும் அவனும் தனித்தனியாகக் குறித்தோம். நான் 131-ஐ ஏ.ஐ. என்றேன், அவன் 174 என்றான். இரண்டு பேரும் ஒத்துப்போனது 96-ல்தான். அந்த நோட்டை அன்றைக்கே மூடி வைத்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மனுஷக் கண்ணுக்குத் தெரியாதது மெஷினுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டாவது, மூன்றாவது வாரம் கண்டுபிடிப்பான்களோடு போனது. எழுதியதை ஒட்டினால் ஏ.ஐ. எத்தனை சதவீதம் என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றுக்கு மாசச் சந்தா 1,650 கட்டினேன். கட்டினபிறகுதான் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. சோதனையை மட்டும் ஒழுங்காகச் செய்தோம். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30-ல். அதனால் 2021-ல் எங்கள் குழுவில் வந்த பதில்கள் எல்லாம் மனுஷன் எழுதியவை என்று நம்பலாம். அதில் 20 எடுத்தோம். நாங்களே ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிய பதில்கள் 20. மொத்தம் 40-ஐயும் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக ஒட்டினோம். பழைய மனுஷப் பதில்களில் 7-ஐ ஏ.ஐ. என்றது. அந்த ஏழில் ஒன்று நானே எழுதியது. ஏ.ஐ. பதில்களில் 9-ஐத்தான் பிடித்தது. காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்த்திருந்தால் சந்தா மிச்சம்.

தமிழ் அதற்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான். இங்கிலீஷில் மொழிபெயர்த்து ஒட்டினோம். இப்போது 40-ல் 33 ஏ.ஐ. ஆகிவிட்டது. மொழிபெயர்த்ததே ஒரு மெஷின்தானே என்று எங்களுக்கு உறைப்பதற்குள் ஒரு மதியம் போய்விட்டது.

அப்புறம் அவன் தேடிப் படித்துச் சொன்னான். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டதாம். அவர்கள் சோதனையிலேயே ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்திருக்கிறது. மனுஷன் எழுதியதில் 9 சதவீதத்தை ஏ.ஐ. என்று தப்பாகச் சொல்லியிருக்கிறது. இங்கிலீஷைத் தாண்டினால் இன்னும் மோசம் என்று அவர்களே சொல்லி, அந்த ஜூலையிலேயே எடுத்தும் விட்டார்கள். செய்தவனுக்கே அளக்கத் தெரியாத பண்டத்தை அளக்க நான் மேலூர் ரோட்டில் உட்கார்ந்துகொண்டு 1,650 கட்டியிருக்கிறேன்.

நாலாவது வாரம் நாங்களே ஒரு பாட், அதாவது குழுவில் தானாக வேலை பார்க்கும் நிரல், செய்வது என்று இறங்கினோம். டெலிகிராமில் பாட்ஃபாதர் என்று ஒன்று இருக்கிறது, அதனிடம் கேட்டால் புது பாட்டுக்கு ஒரு சாவி கொடுக்கும். பைதான் என்ற நிரல்மொழியில் நூறு வரி. ஓட்டுவதற்கு வீட்டில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போன், அதில் நிரலை ஓட்டும் டெர்மக்ஸ் என்ற ஆப். முதல் இரண்டு நாள் பாட் செத்த மாதிரி கிடந்தது. நாற்பது தடவை நிரலை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், பாட்களுக்கு இயல்பாகவே ஒரு திரை போட்டிருக்கிறார்கள். குழுவில் நடக்கும் எல்லாப் பேச்சும் அதன் காதில் விழாது, அட்மினாகப் போட வேண்டும் அல்லது அந்தத் திரையை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். ப்யூஸ் போயிருக்கும்போது மோட்டாரைப் பிரித்த கதைதான்.

எழுத்து எண்ணுவதிலும் ஒரு கூத்து. 400 எழுத்துக்கு மேல் போனால் சந்தேகப் பட்டியல் என்று வைத்தோம். சின்னச் சின்னப் பதில் எல்லாம் மாட்டியது. 'மதுரை' என்றால் நமக்கு மூன்று எழுத்து, பைதானுக்கு ஐந்து. ம ஒன்று, த ஒன்று, உகரக் குறி ஒன்று, ர ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. அதன் கணக்குக்கு வாத்தியார் பிரம்பெடுத்திருப்பார். 700 என்று ஏற்றி வைத்தோம்.

நீளம் மட்டும் போதாது என்று வார்த்தைகளையும் சேர்த்தோம். ஏ.ஐ. பதில்களில் ஒரு வாடை இருக்கும். பட்டறையில் யாரும் சொல்லாத சொற்கள் வரும். கெபாசிட்டர் 'மின்தேக்கி' ஆகிவிடும். ஸ்டார்ட்டிங் காயில் 'தொடக்கச் சுருள்'. ஏர் பிடிப்பது 'காற்றுப் பூட்டு'. "நினைவில் கொள்ளுங்கள்" என்று ஒரு வரி கட்டாயம். ஒட்டும்போது விட்டுப்போன மூன்று ஹேஷ் குறி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, பத்தைத் தாண்டினால் பாட் அழித்துவிடும். மின்தேக்கிக்கு மட்டும் நாலு மதிப்பெண். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லைச் சொல்கிற ஆளே கிடையாது என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

கிடையாது என்பது தப்பு. ஒருவர் இருந்தார்.

அலங்காநல்லூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாத்தியார், தமிழ்வழியில் பௌதிகம் நடத்தி ரிட்டையர் ஆனவர். குழு தொடங்கிய வருஷத்திலிருந்து இருக்கிறார். அழகாக 1, 2, 3 என்று எண் போட்டு எழுதுவார், மின்தேக்கி என்றுதான் எழுதுவார். பாட் ஒரே வாரத்தில் அவருடைய மூன்று பதிலை அழித்து, மூன்றாவதுக்கு "ஏ.ஐ. பதிவு நீக்கப்பட்டது" என்று எல்லார் முன்னாலும் பலகையும் வைத்துவிட்டது. நான் ஒரு கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தேன், பார்க்கவில்லை.

சாயங்காலம் போன் பண்ணினார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நான் எழுதினதை ஏ.ஐ.ன்னு போட்டிருக்கு."

"பாட் தப்பா அழிச்சிருச்சுங்கய்யா. இப்பவே சரி பண்றேன்."

"முப்பத்தி நாலு வருஷம் கரும்பலகையில மின்தேக்கின்னுதான் எழுதினேன். அது என்னை மாதிரி எழுதப் பழகியிருந்தா நான் என்ன பண்றது?"

அன்றைக்கு ராத்திரியே குழுவிலிருந்து விலகிவிட்டார். பாட்டை நிறுத்தினேன், மன்னிப்பும் போட்டேன். படிக்க அவர்தான் இல்லை.

இதற்கு ஜோடியாக ஒரு ஆராய்ச்சியை அக்கா மகன் காட்டினான். 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் செய்தது. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் ஏ.ஐ. என்று வந்திருக்கிறது. சில சொற்களையே திரும்பத் திரும்பப் போட்டு, பாடப்புத்தகம் மாதிரி ஒழுங்காக எழுதுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பாட்டிலும் மாட்டியது ஒழுங்காக எழுதிய ஒரே ஆள்தான்.

ஏ.ஐ. போட்ட பையன்களோ இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, "மதுரைத் தமிழ்ல சுருக்கமா எழுது" என்று சொல்லி வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். "அண்ணே, கெபாசிட்டரை மாத்துங்க, சரியாயிரும்." எங்களில் ஒருத்தர் சொன்ன மாதிரியே இருந்தது. முன்பாவது வாடை வந்தது.

ஆறாவது வாரம் பொறுமை போய், ஏ.ஐ. பதிலே கூடாது என்று மொத்தமாகத் தடை போட்டேன். நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022 டிசம்பரிலேயே, சாட்ஜிபிடி வந்து ஒரு வாரத்துக்குள், இதைத்தான் செய்தது. அவர்கள் சொன்ன காரணம் எனக்கு அப்படியே பொருந்தியது. பதில் பார்வைக்குச் சரி போலவே இருக்கும், தப்பு அதிகம், போடுவதோ ரொம்ப சுலபம், சரிபார்க்கத்தான் ஆள் பத்தாது. அடுத்த வருஷம் ஜூனில் அங்கே மேற்பார்வை பார்த்தவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், ஏ.ஐ. என்ற சந்தேகத்துக்காக மட்டும் பதிவை நீக்கக் கூடாது என்று கம்பெனி கையைக் கட்டியதால். வாத்தியார் விஷயத்துக்கு அப்புறம் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிந்தது.

என் தடை ஒன்பது நாள் தாங்கியது. அதை உடைத்தவர் சோழவந்தான் பெரியவர். 41 வருஷமாக வைண்டிங் பார்க்கிறவர். எந்தக் கம்பெனி எப்போது ஸ்டேட்டர் நீளத்தைக் குறைத்தது, எந்த மோட்டாரில் எத்தனை சுற்று குறைத்தால் லோ வோல்ட்டேஜில் தாக்குப்பிடிக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவருக்குப் போனில் எழுத வராது. பேசிப் பதிவு செய்து, பேரன் அதை ஏ.ஐ.யில் போட்டுத் திருத்தி எழுதி அனுப்புகிறானாம், இது எனக்கு அப்போதுதான் தெரியும். எழுத்து முழுக்க மெஷின் வாடை. உள்ளே இருப்பது முழுக்கத் தங்கம். தடை போட்டதும் நாணயமாக எழுதுவதை நிறுத்திவிட்டார். "நீங்கதானேப்பா வேண்டாம்னீங்க."

ஒரு பக்கம் மெஷினைத் தொடாமலே மாட்டிக்கொண்ட வாத்தியார், இன்னொரு பக்கம் மெஷினில் எழுதிச் சரியாகச் சொல்லும் பெரியவர். வாடிப்பட்டித் தம்பி கேள்வி கேட்ட அன்றைய பதிவை மறுபடி எடுத்துப் படித்தேன். அட்டவணை தப்பு, அது இருக்கட்டும். ஒரு பட்டறைக்காரன் அந்தக் கேள்வியைப் பார்த்தால் எண்ணே சொல்லியிருக்க மாட்டான். பேனலில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை அடி, வோல்ட்டேஜ் என்ன என்று மூன்று கேள்வி கேட்டிருப்பான். கெபாசிட்டர் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டிக்கரைப் பார்க்காமல் எண் சொன்னால், அது மெஷின் சொன்னாலும் நான் சொன்னாலும் ஒன்றுதான்.

ஏழாவது வாரம் பாட்டை மறுபடி எழுதினோம். இப்போது அது யாரையும் மோப்பம் பிடிப்பதில்லை. கேள்வி வந்தால் ஒரு அட்டையை நீட்டும். பேனல் ஸ்டிக்கர் போட்டோ, ஹெச்.பி., போர் எத்தனை அடி, வோல்ட், ஆம்ப்ஸ், அப்புறம் மூன்று ஓம் அளவு. மெயினை ஆஃப் பண்ணி, பேனலிலிருந்து ரன்னிங், ஸ்டார்ட்டிங், இரண்டுக்கும் பொதுவான காமன் என்ற மூன்று ஒயரையும் கழற்றி, இரண்டிரண்டாக மல்ட்டிமீட்டர் வைத்தால் மூன்று எண் வரும். பதில் சொல்கிறவர் முதல் வரியில் 'கை' அல்லது 'கேள்வி' என்று போட வேண்டும். நானே இப்படி ஒரு மோட்டாரைப் பார்த்தேன் என்றால் கை. படித்தது, கேட்டது, ஏ.ஐ. சொன்னது எல்லாம் கேள்வி. இரண்டுமே போடலாம், ஸ்டிக்கர் போட்டோ வருவதற்கு முன்னால் கெபாசிட்டர் எண் மட்டும் போடக் கூடாது. அப்படிப் போட்டால் நானும் இன்னும் இரண்டு பேரும் கையால் நீக்குவோம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுவோம்.

'கை' என்று பொய்யாகப் போட்டால்? போடுவார்கள். ரெடிட்டில் ஒரு விவாதக் குழுவில் சூரிச் பல்கலைக்கழக ஆட்கள் மாசக்கணக்கில் ஏ.ஐ.யை விட்டு 1,700-க்கு மேல் பதில் எழுதவைத்தது 2025 ஏப்ரலில் வெளியே வந்தது. அந்த மெஷின்கள் தங்களுக்கே நடந்த மாதிரி சொந்தக் கதையெல்லாம் சொல்லியிருக்கின்றன. அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழக ஆட்களே சொன்னபிறகுதான் தெரிந்தது. வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை, அதனால்தான் ஓம்.

மூன்று எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது. ரன்னிங்கும் காமனும் சேர்ந்தால் சின்ன எண், ஸ்டார்ட்டிங்கும் காமனும் நடு எண், ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும் பெரிய எண். சின்னது இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். பாட்டுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 'மறுபடி அளக்கவும்' என்று சொல்லச் சொன்னேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

முதல் வாரத்தில் வந்த 14 அளவில் 11-ஐ பாட் திருப்பி அனுப்பிவிட்டது. உசிலம்பட்டி விவசாயி ஒருவர் மூன்று தடவை அளந்து கடுப்பாகி, "உங்க பாட்டை வந்து அளக்கச் சொல்லுங்க" என்றார். அவர் எண்கள் 4.6, 9.3, 12.2. கூட்டினால் 13.9, ஒன்றே முக்கால் ஓம் கிட்ட இடிக்கிறது. நானும் அவர்தான் ஒயரைத் தப்பாகத் தொட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

சோழவந்தான் பெரியவர் குரல் பதிவு அனுப்பினார், பேரனைத் தேடாமல் நேராக. "நீ பட்டறையில மோட்டாரை மேசையில வச்சு அளக்குற ஆளு. அவரு போர் மேல நின்னு அளக்குறாரு. கேபிளும் சேர்ந்துதானப்பா வரும்." தலையில் அடித்துக்கொண்டேன். 280 அடிக்கு 2.5 எம்.எம். கேபிள் கீழே போய் மேலே வந்தால் அதிலேயே ஒன்றேகால் ஓம். ஒவ்வொரு அளவிலும் அது சேரும். இரண்டு அளவைக் கூட்டும்போது இரண்டு தடவை சேரும், பெரிய எண்ணில் ஒரு தடவைதான் இருக்கும். அதுபோக மலிவு மீட்டரின் இரண்டு முனையையும் ஒட்டி வைத்தாலே 0.4, 0.5 காட்டும். உசிலம்பட்டிக்காரர் அளந்தது கச்சிதம். அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், இந்தப் பதினோரு வாரத்தில் அது எத்தனையாவது மன்னிப்பு என்று மறந்துவிட்டது.

ஆனால் இதில்தான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பாட் திருப்பி அனுப்பாத மூன்று அளவுகள் இருந்தனவே, அதில் ஒன்று 300 அடி போர். எண்கள் 3.2, 7.1, 10.3. துல்லியமாகக் கூடுகிறது. 300 அடி கேபிள் வழியாக அளந்தால் அப்படிக் கூடவே கூடாது. போட்டவரைக் கேட்டேன். மோட்டாரே இல்லை, பாட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஏ.ஐ.யிடம் மூன்று எண் கேட்டு வாங்கினேன் என்றார். இப்போது பாட் தலைகீழாகப் பார்க்கிறது. அடியைக் கேட்டு, கேபிளுக்குக் கழித்து, வித்தியாசம் அந்த அளவில் இருந்தால் விடும், ரொம்பச் சுத்தமாகக் கூடினால் எனக்குத் தனியாகச் சொல்லும். இதையும் வெளியே எழுதிவிட்டேன், நாளைக்கே யாராவது கேபிளையும் சேர்த்துக் கணக்குப்போடச் சொல்வார்கள். அவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்கிறவன் மல்ட்டிமீட்டரே வாங்கிவிடலாம், டவுன்ஹால் ரோட்டில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும்.

போட்டோவும் முழு நம்பிக்கை இல்லை. ஒன்பதாவது வாரம், ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் மீட்டரின் படம் ஒன்று வந்தது, 7.4 ஆம்ப்ஸ் காட்டுகிறது. டாங்குக்குள் மூன்று ஒயரும் சேர்ந்த மொத்தக் கேபிளும் இருந்தது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சேர்ந்தே உள்ளே இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் மீட்டரில் இருந்த எழுத்து எந்த மொழியும் இல்லை.

செலவுக் கணக்கு: சந்தா 1,650 தண்டம். பழைய போன் ஐந்து வாரம் சார்ஜரிலேயே கிடந்ததில் பேட்டரி உப்பி, பின்மூடி திறந்துகொண்டது. புது பேட்டரி 700. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற டைமர் சாக்கெட் 450. சிம் ரீசார்ஜ் தனி. வாடிப்பட்டி மோட்டாரில் விட்ட கூலி 1,500. இடையில் ஒரு வாரம் ஒருத்தர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பதிவுதான் போடலாம் என்று டெலிகிராமில் மெதுவாக்கி வைத்தேன். காசு செலவில்லை, திட்டுதான் அதிகம் வாங்கினேன், எடுத்துவிட்டேன்.

குழு முன்பை விட அமைதியாகிவிட்டது. ஒரு நாளைக்கு 60, 70 பதிவு ஓடியது 25-க்கு வந்திருக்கிறது. 80 பேர் கிட்ட விலகிவிட்டார்கள். அட்டையைப் பார்த்ததுமே "இவ்வளவு வேணுமா" என்று போகிறவர்களில் நிஜமான விவசாயிகளும் இருக்கிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது. மல்ட்டிமீட்டர் இல்லாதவர் ஓம் இல்லாமலே கேட்கலாம் என்று தளர்த்தியிருக்கிறேன். அந்த வயரிங் பையன் இப்போதும் ஏ.ஐ. பதில் போடுகிறான், 'கேள்வி' என்று போட்டுத்தான். போன வாரம் அவன் போட்டதில் ஒன்று சரியாகவே இருந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால் அட்டையில்தான் ஆரம்பிப்பேன், கண்டுபிடிப்பான் பக்கமே போக மாட்டேன். புது பாட்டை இரண்டு வாரம் வாயைக் கட்டி வைத்து, எதை அழித்திருப்பாய் என்று எனக்கு மட்டும் சொல்லச் சொல்வேன். ஒருத்தரை ஏ.ஐ. என்று ஊர் முன்னால் சொல்லும் வேலையை மெஷினிடம் விட மாட்டேன். இந்த ஒன்றைச் செய்திருந்தால் வாத்தியார் போயிருக்க மாட்டார்.

பத்தாவது வாரம் அவர் தோப்பு மோட்டாரைத் தூக்க வேண்டும் என்று ஆள் சொல்லிவிட்டார். நானே போனேன். பேனல் கதவின் உள்பக்கம் பென்சிலால் பொடி எழுத்தில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தது. 2016-லிருந்து மாசத்துக்கு ஒரு வரி, தேதி, வோல்ட், ஆம்ப்ஸ். நடுவில் ஒரு வரியில் 'மின்தேக்கி மாற்றியது'. கடைசி நாலு மாசத்தில் ஆம்ப்ஸ் 6.8, 7.1, 7.5, 7.9 என்று ஏறியிருந்தது. புஷ் தேய்ந்திருக்கிறது என்று மோட்டாரை வெளியே எடுக்காமலே தெரிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோதும் புஷ்தான்.

இளநீர் வெட்டிக் கொடுத்தார். குழுவைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கிளம்பும்போது, இந்தக் கதவைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்க. யாரு எழுதினதுன்னு மட்டும் போடாத. அழிச்சிருவாங்க."

படத்தைப் போட்டேன். பேரைப் போடவில்லை.